கோர்ட்டில் எங்கள் வீட்டை ஏலம் விட்ட பணத்தில் மீதி எங்கே போனது?

கேட்டவர்: கேட்ல நிக்கிறவன் (கொருக்குப்பேட்டை)

வணக்கம். கோர்ட் ஆபீஸ் வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

எங்கப்பா வியாசர்பாடியில் ஒரு லேத் பட்டறையில் டர்னர். கூட வேலை பார்த்தவர் சொந்தமாக மெஷின் போடக் கடன் வாங்கியபோது அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். அந்த ஆள் பட்டறையை மூடிவிட்டு ஊர்ப் பக்கம் போய்விட்டார். ஃபைனான்ஸ்காரன் இரண்டு பேர் மேலும் கேஸ் போட்டு டிகிரி (கோர்ட் தீர்ப்பாணை) வாங்கினான்; கைக்கு எட்டினவர் எங்கப்பா, அவர் மேல் இ.பி. (டிகிரியை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டான். தண்டையார்பேட்டையில் தாத்தா கட்டிய ஓட்டு வீடு, 380 சதுர அடி, 2015-ல் கோர்ட் ஏலத்தில் போனது. அமீனா வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டி, தெருவில் தண்டோரா போட்டதற்கு அப்புறம் அப்பா அந்தத் தெருக் கடையில் பீடி வாங்கக்கூட நிற்க மாட்டார். ஏலத்தன்று கோர்ட் பக்கமே போகவில்லை.

வீட்டோடு கணக்கும் முடிந்தது என்றுதான் நாங்கள் இருந்தோம். கொருக்குப்பேட்டையில் வாடகைக்கு வந்தோம். 2020-ல் அப்பா தவறிவிட்டார்.

நான் மணலி பக்கம் டிரெய்லர் ஓட்டுகிறேன். போன மாதம் டீக்கடையில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வக்கீல் குமாஸ்தா பேச்சுவாக்கில், "டிகிரித் தொகைக்கு மேலே ஏலம் போயிருந்தா மிச்சம் உங்கப்பா பேர்ல கோர்ட்டுல கிடக்குமே, வாங்கிட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படி ஒன்று இருப்பதை எங்கள் பழைய வக்கீலும் சொல்லவில்லை, கோர்ட்டிலிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை.

ஆன்லைனில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். ஏலத் தொகை 18,60,000 என்று இருக்கிறது. பழைய வக்கீல் கட்டிலிருந்து ஃபைனான்ஸ்காரனின் செக் பெட்டிஷன் (கோர்ட்டில் கிடக்கும் பணத்தைக் கேட்கும் மனு) நகல் கிடைத்தது. வட்டி, கோர்ட் செலவு எல்லாம் சேர்த்து அவன் எடுத்துக்கொண்டது 11,42,300. அப்படியானால் மிச்சம் 7,17,700 இருக்க வேண்டும் இல்லையா?

கோர்ட்டில் செக்‌ஷனில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் ஒரு பெரிய ரிஜிஸ்டரைத் தூக்கி வைத்து, எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டி, பழைய காஸ் லிஸ்ட் (வழக்குப் பட்டியல்) தாளின் பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுத்தார்: "இருப்பு 2,52,700". வாரிசுச் சான்றோடு பெட்டிஷன் போடச் சொன்னார். மீதி எங்கே என்று கேட்டதற்கு, "ஏலச் செலவெல்லாம் கழியும்ல" என்றார். இன்னொரு நாள் போனபோது ஃபைல் ரெக்கார்டு ரூமில் இருக்கிறது என்றார்கள். விடாமல் நின்றதும், "இருக்கிறதை வாங்கிட்டுப் போங்க. கிளறினா இதுவும் லாப்ஸ்ல நிக்கும்" என்று பதில் வந்தது.

4,65,000 ரூபாய் ஏலச் செலவு ஆகுமா? இப்போதைக்கு இருக்கிற பணத்தை வாங்கிவிட்டால் மீதியைக் கேட்கிற உரிமை போய்விடுமா? தங்கச்சி கல்யாணம் தை மாதம். அம்மா "கிடைச்சதை வாங்குடா" என்கிறார். எந்தக் கோர்ட் என்று இங்கே எழுதவில்லை, தப்பாக நினைக்க வேண்டாம்.

பதில்: எம்.சி.ரோடு மாப்ள

ப்ரோ, கோர்ட்டு, வக்கீல், குமாஸ்தா, அமீனா என்று கை மாறி வருகிற பணம். இவ்வளவாவது மிஞ்சியதே பெரிய விஷயம். வாங்கிக் கல்யாணத்தை முடிங்க.

பதில்: ஓய்வு சிரஸ்தார்

தம்பி, அந்த 4,65,000-ஐ நாலால் பெருக்கிப் பாருங்கள். 18,60,000 வரும்.

காணாமல் போனது சரியாக ஏலத் தொகையில் கால் பங்கு. தண்டோரா கூலி, நோட்டீஸ் பேட்டா, விளம்பரச் செலவு எல்லாம் சேர்ந்து ஒருநாளும் இப்படி அச்சாகக் கால் பங்கில் வந்து நிற்காது. அதெல்லாம் ஃபைனான்ஸ்காரன் கேட்ட செலவுக் கணக்கிலேயே ஏறியும் இருக்கும். நான் முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன், அதில் ஒரு பகுதி நாசர் (கோர்ட் பணத்தைக் கவனிக்கும் அலுவலர்) செக்‌ஷனில். அங்கே பணம் எப்படி நகரும் என்று சொல்கிறேன், பிறகு உங்களுக்கே விளங்கும்.

சிவில் நடைமுறைச் சட்டம் 21-ஆவது ஆணை, 84-ஆவது விதி: அசையாச் சொத்தை ஏலம் எடுத்தவர் அந்த இடத்திலேயே 25 சதவீதத்தை ஏலம் நடத்தும் அலுவலரிடம் கட்ட வேண்டும். 85-ஆவது விதி: மீதி 75 சதவீதத்தைப் பதினைந்தாம் நாள் கோர்ட் மூடுவதற்குள் செலுத்த வேண்டும். இந்த இரண்டு தொகையும் போகிற வழி வேறு வேறு. 75 சதவீதத்துக்கு ஏலதாரரே ஆபீஸில் லாட்ஜ்மென்ட் ஷெட்யூல் (பணம் கட்ட அனுமதிக்கும் சீட்டு) வாங்கி, சலான் எழுதி, பேங்க்கில் நேராகக் கட்டுவார். அதில் எங்கள் ஆட்கள் கை படுவதில்லை. முதல் 25 சதவீதம் அப்படி இல்லை. கோர்ட் தாழ்வாரத்தில், "ஒரு தரம், ரெண்டு தரம்" முடிந்த கையோடு, ரொக்கமாக எண்ணி வாங்கிப் பையில் போடுவார்கள். நோட்டுக் கட்டோடு மஞ்சள் பையில் வருகிற ஏலதாரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ரசீது புத்தகத்தில் கிழித்துக் கொடுத்துவிட்டு, பணத்தை நாசரிடம் சேர்த்து, ரொக்கப் புத்தகத்தில் எழுதி, சலான் போட்டு அரசுக் கணக்கில் கட்டி, பேங்க் முத்திரை விழுந்த சலானைக் கொண்டுவந்து டெபாசிட் ரிஜிஸ்டரில் நம்பர் போட வேண்டும். ஓட்டை விழுவதென்றால் பைக்கும் சலானுக்கும் நடுவில்தான் விழும்.

இதைக் கண்டுபிடிக்க ஏற்பாடே இல்லையா என்று கேட்பீர்கள். ஏகப்பட்டது இருக்கிறது. ரொக்கப் புத்தகத்தில் தினமும் அதிகாரி சுருக்கொப்பம் போட வேண்டும். மாதம் ஒரு தடவை டெபாசிட் ரிஜிஸ்டரைக் கருவூலக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும். சென்னையில் கருவூலத்துக்குப் பதில் பி.ஏ.ஓ., சம்பளக் கணக்கு அலுவலகம். வருடாந்தர ஆய்வு உண்டு, ஏ.ஜி. (மாநிலக் கணக்காயர்) ஆபீஸ் தணிக்கை உண்டு. ஆனால் இவை எல்லாம் எதை எதோடு ஒப்பிடுகின்றன? எங்கள் ரிஜிஸ்டரில் ஏறியதை அவர்கள் கணக்கில் ஏறியதோடு. இரண்டிலும் ஏறவே ஏறாத பணம் இருந்தால்? இரண்டு கணக்கும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும். தணிக்கைக்காரர் டிக் அடித்துவிட்டுக் காபி சாப்பிடப் போவார்.

அந்த ரொக்கம் வாங்கியது பதிவாகி இருப்பது இ.பி. ஃபைலில், அமீனாவின் ஏல அறிக்கையில்தான். "இன்னார் 25 சதவீதம் செலுத்தினார், ரசீது எண் இன்னது" என்று அதில் இருக்கும். ஃபைல் பெஞ்ச் பக்கம், ரிஜிஸ்டர் கணக்குப் பக்கம். இரண்டையும் ஒரே மேஜையில் விரித்து வைத்துப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று, 92-ஆவது விதியில் ஏலத்தை உறுதி செய்கிற நாள். அன்று நீதிபதி முன்னால் போவது ஆபீஸ் குறிப்பு: "முழுத் தொகையும் செலுத்தப்பட்டுள்ளது. உறுதி செய்யலாம்." இரண்டு சலானும் எங்கே என்று கேட்கிற நீதிபதிகளும் இருந்தார்கள். எனக்கு முதலில் வாய்த்த முன்சீப் அப்படிப்பட்டவர், சலான் நம்பரைத் தன் கையாலேயே உத்தரவில் எழுதுவார், ஆபீஸே அவரைத் திட்டும். அறுபது ஃபைல் கட்டிக் கிடக்கிற நாளில் குறிப்பை நம்பிக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் கேஸில் 75 சதவீதம் 13,95,000. டிகிரி 11,42,300. முக்கால் பங்கை வைத்தே டிகிரிதாரர் வயிறு நிறைந்துவிட்டது, அவர் சத்தம் போட மாட்டார். ஏலதாரருக்கு விற்பனைச் சான்றிதழ் வந்துவிட்டது, அவரும் போட மாட்டார். நஷ்டம் கடனாளிக்கு மட்டும். மிச்சம் உண்டு என்றே தெரியாமல் அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார். யாரோ வேண்டுமென்றே செய்திருந்தால், எந்தக் கேஸில் கை வைக்கலாம் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆள்.

'செய்திருந்தால்' என்றுதான் சொல்கிறேன். வேறு இ.பி. நம்பரில் தவறாக ஏறியும் இருக்கலாம், அதையும் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போதே "கையாடல்" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். முதலில் நகல் மனு போட்டு நாலு காகிதம் வாங்குங்கள்: ஏல அறிக்கை, உறுதி செய்த உத்தரவும் அதற்கு முந்தைய ஆபீஸ் குறிப்பும், டெபாசிட் ரிஜிஸ்டரில் உங்கள் இ.பி. பக்கம், 75 சதவீதத்தின் சலான். பி.ஏ.ஓ.வுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தனியாக ஒரு மனு: இந்தத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் இந்தக் கோர்ட் டெபாசிட் தலைப்பில் 4,65,000 வரவு வந்ததா, ஆம் என்றால் சலான் எண் என்ன. அவ்வளவு போதும், கதை எழுத வேண்டாம்.

அதற்கும் முன்னால், வீட்டை எடுத்தவரிடம் போய் அந்த முதல் ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள்.

லாப்ஸ் என்று மிரட்டினாராமே, அது பாதி உண்மை. மூன்று முழு நிதியாண்டுக்கு மேல் யாரும் கேட்காத டெபாசிட் அரசுக் கணக்கில் லாப்ஸ் ஆகும். அதனால் உங்கள் பாத்தியதை போகாது. கோர்ட் உத்தரவு வாங்கி ஏ.ஜி. ஆபீஸ் வழியாகத் திரும்பப் பெறலாம், நேரம்தான் ஆகும். நீங்கள் கிளறுவதற்கும் லாப்ஸுக்கும் சம்பந்தமே இல்லை.

எம்.சி.ரோடு தம்பிக்கு: எல்லாரும் வாங்குகிறவர்கள் இல்லை. ஒரு ரூபாய் குறைந்தால் கைக்காசு போட்டுச் சலான் கட்டிய நாசர்களோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் ஆளை நம்பி ஒப்பம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு உத்தரப் பிரதேசத்துக் காசியாபாத்தைப் படியுங்கள். மாவட்டக் கோர்ட் ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து இல்லாத ஆட்கள் பேரில் வருஷக்கணக்கில் பணம் எடுத்தார்கள். 2008-ல் வெளியே வந்தது. நடுவில் இருந்தவர் ஒரு நாசர். சுப்ரீம் கோர்ட் வரை போய் சிபிஐ விசாரித்தது.

பதில்: ராயபுரம் டைகர்

அப்போ ஏலமே செல்லாதே! 25 சதவீதம் கட்டாவிட்டால் விற்பனையே இல்லை என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. வீட்டையே திரும்பக் கேளுங்க தலைவா. இன்னிக்கு அந்த இடம் என்ன விலை!

பதில்: பாரிமுனை வக்கீல்

டைகர் சொல்வது 1954-ல் வந்த மணிலால் மோகன்லால் ஷா வழக்கு. 84, 85 விதிகள் கட்டாயமானவை, பணம் கட்டாவிட்டால் சட்டத்தின் கண்ணில் ஏலமே நடக்கவில்லை என்று சொன்ன தீர்ப்பு. ஆனால் அது ஏலதாரர் கட்டாத கேஸுக்கு. இங்கே அவர் கட்டியிருந்தால், சட்டம் சொன்ன ஆளிடம் சட்டம் சொன்ன நாளில் கட்டிவிட்டார். அதற்கு அப்புறம் பணம் எங்கே போனாலும் அவர் பொறுப்பில்லை. ஏலத்தில் முறைகேடு என்று 90-ஆவது விதியில் கேட்பதற்கு அறுபது நாள் கெடு, அதுவும் எப்போதோ போய்விட்டது. வீட்டை மறந்துவிடுங்கள். அந்த ஆசையைக் காட்டி ஃபீஸ் கேட்கிற வக்கீலிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்துக்கு வழி இருக்கிறது. அதே இ.பி.யில் வாரிசுகள் சார்பில் இரண்டு மனு போடுங்கள். ஒன்று, மறுப்புக்கு இடமில்லாத 2,52,700-க்குச் செக் பெட்டிஷன். "இது மிச்சத் தொகையில் ஒரு பகுதி மட்டுமே, மீதிக்கான உரிமை நிற்கிறது" என்று அதில் ஒரு வரி கட்டாயம் சேருங்கள். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எங்காவது கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இப்படி வாங்கினால் உரிமை போகாது, அம்மாவிடம் தைரியமாகச் சொல்லலாம். இரண்டாவது, ஏலத் தொகைக்கு முழுக் கணக்குக் கேட்டு மனு. மனு என்று நம்பர் ஏறிவிட்டால் நீதிபதி உத்தரவு போட்டே ஆக வேண்டும். செக்‌ஷனில் வாய்வார்த்தையாகக் கேட்கிறவரைக்கும் பென்சில் பதில்தான் வரும். உத்தரவு பாதகமாக வந்தால் அரசியலமைப்புச் சட்டம் 227-ல் ஹைகோர்ட்டில் சீராய்வு. காலக்கெடு என்று எதிர்ப்பார்கள். மோசடி மறைக்கப்பட்டிருந்தால் தெரியவந்த நாளிலிருந்துதான் காலம் ஓடும், லிமிடேஷன் சட்டம் 17-ஆவது பிரிவு. அதனால் அந்தப் பென்சில் சீட்டைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள்.

ஊழியர் எடுத்த பணத்துக்கு அரசு பொறுப்பா என்பது பழைய சண்டை. மீரட்டில் 1947-ல் ஒரு நகை வியாபாரியிடம் போலீஸ் பிடித்த தங்கத்தை மால்கானாவிலிருந்து (பிடித்த பொருளை வைக்கும் அறை) ஹெட் கான்ஸ்டபிள் ஒருவர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்கே போய்விட்டார். 1965-ல் சுப்ரீம் கோர்ட், அது அரசின் இறையாண்மைப் பணி, நஷ்டஈடு கிடையாது என்று கைவிரித்தது. கஸ்தூரிலால் வழக்கு. அந்தத் தீர்ப்பைக் காட்டி உங்களை மிரட்டலாம். ஆனால் 1977-ல் பசவ்வா வழக்கில், வழக்குச் சொத்தாக இருந்த நகை போலீஸ் காவலில் திருட்டுப் போனதற்கு அரசே மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்று அதே கோர்ட் சொன்னது. 1994-ல் நாகேந்திர ராவ் வழக்கு இறையாண்மை வாதத்தை இன்னும் குறுக்கியது. கோர்ட்டின் செயலால் யாருக்கும் கேடு வரக்கூடாது என்பது எல்லா நீதிபதிகளும் மேற்கோள் காட்டுகிற கோட்பாடு. தங்கள் ஆபீஸ் விஷயத்திலேயே அதைக் காட்டச் சொல்வதில் தப்பில்லை.

கிரிமினல் பக்கம் வந்தால், 2015 சம்பவம் என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 409, அரசு ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி. ஆயுள் வரை தண்டனை, புகாருக்குக் காலக்கெடு இல்லை. கோர்ட் ஊழியர்கள் என்பதால் முதலில் முதன்மை நீதிபதிக்கும், ஹைகோர்ட் விஜிலன்ஸ் பதிவாளருக்கும் காகிதங்களோடு எழுதுங்கள். அதுவும் சிரஸ்தார் ஐயா சொன்னதுபோல் பி.ஏ.ஓ. பதில் கைக்கு வந்த பிறகு.

பதில்: கேட்ல நிக்கிறவன்

எல்லாருக்கும் நன்றி. சிரஸ்தார் ஐயா, நாலால் பெருக்கிப் பார்த்துவிட்டு ராத்திரி தூக்கமே இல்லை.

வீட்டை எடுத்தவர் வீட்டுக்குப் போனேன். மூலக்கொத்தளத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். எங்கள் ஓட்டு வீடு போய் இரண்டு மாடி நிற்கிறது. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்து முதலில் கேட்டைத் திறக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் உள்ளே உட்கார வைத்து, "என் ஏலம் கேன்சல் ஆயிடுமா?" என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். வக்கீல் சார் எழுதியதை போனில் படித்துக் காட்டினேன். அப்புறம் பீரோவிலிருந்து எடுத்து வந்தார். ரசீதை லேமினேட் செய்து வைத்திருக்கிறார்! 4,65,000 ரொக்கம், புத்தக எண், ரசீது எண், அமீனா கையெழுத்து, கோர்ட் முத்திரை எல்லாம் இருக்கிறது. கையெழுத்து மட்டும் மங்கியிருக்கிறது. அன்றைக்குக் கூட இருந்து பணம் எண்ணியது அவர் மச்சானாம். போட்டோ எடுத்துக்கொள்ள விட்டார், ஒரிஜினலைக் கொடுக்க மாட்டேன் என்கிறார். நகல் மனு போட்டாயிற்று. பி.ஏ.ஓ.வுக்கும் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

செக்‌ஷனில் இருப்பவர், "அந்த ரசீதைக் கொண்டு வாங்க, வெரிஃபை பண்ணித் தர்றேன்" என்று இன்று போன் செய்தார். நான் ரசீது பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. நகல் மனுவில் ரசீது எண்ணை எழுதியிருந்தேன், அதைப் பார்த்திருப்பார் போல. கொண்டு போகலாமா?

பதில்: ஓய்வு சிரஸ்தார்

கூடாது. ஒரிஜினல் அந்த வியாபாரியிடமே இருக்கட்டும், அவர் கொடுக்க மறுத்தது உங்களுக்கு நல்லது. கணக்குக் கேட்கிற மனுவில் அவரைச் சாட்சியாகக் கூப்பிட்டு, நீதிபதி முன்னால் அவர் கையாலேயே காட்டச் சொல்லி நகலை மட்டும் சான்றாவணமாகக் குறியிட வேண்டும். செக்‌ஷன்காரர் மறுபடியும் கூப்பிட்டால், "வக்கீலிடம் இருக்கிறது, மனுவில் வரும்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். போன் வந்த தேதி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரசீதில் புத்தக எண் இருப்பது பெரிய விஷயம். ரசீதுப் புத்தகங்களுக்குத் தனி இருப்புப் பதிவேடு உண்டு, எந்தப் புத்தகம் எந்தத் தேதியில் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்று கையெழுத்தோடு இருக்கும். அந்தப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் இருப்புப் பதிவேட்டையும் வரவழைக்கச் சொல்லி மனுவில் தனியாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்லுங்கள். அடிக்கட்டையில் வேறு தொகை இருந்தால் ஒரு கதை, புத்தகமே கிடைக்கவில்லை என்றால் வேறு கதை. எதுவானாலும் கோர்ட்தான் பதில் சொல்ல வேண்டும். கல்யாணச் செலவுக்குச் செக் பெட்டிஷனை இந்த வாரமே போட்டுவிடுங்கள், தை மாதத்துக்குள் அந்த 2,52,700 வருவதே ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும். தண்டையார்பேட்டை தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கியாயிற்றா?